மின்தூக்கி அருகே ஒட்டும் அறிவிப்புகளில் எதை விடாமல் படிக்க வேண்டும்?

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் பழைய நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம். நானும் கணவரும் ஷிஃப்ட் வேலை. பகலில் வீட்டில் இருப்பது 72 வயது மாமியார் மட்டும்தான். அவருக்குத் தமிழ்தான் படிக்கத் தெரியும். தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்பை நாங்கள் கவனிக்காததால், குழாயில் தண்ணீர் வராமல் அவர் தவித்துப்போனார். இப்போது வீட்டு மேம்பாட்டுத் திட்ட வாக்கெடுப்பு என்று ஒரு கடிதம், நகர மன்றக் கட்டணம் பாக்கி என்று இன்னொரு கடிதம். அரசாங்கம்தான் கட்டணக் கழிவு தருகிறதே, பிறகு எப்படிப் பாக்கி? போதாததற்குக் குளியலறைக் கூரையிலும் ஒழுகல். எதற்கு யாரிடம் போவது?

பதில்: முதலில் அந்த வாக்கெடுப்புக் கடிதத்தை எடுங்கள். நீங்கள் சொன்னவற்றில் தேதி போனால் திரும்ப வராதது அதுதான்.

வீட்டு மேம்பாட்டுத் திட்டம் 2007இல் தொடங்கியது. பழைய வீவக வீடுகளில் பெயர்ந்து விழும் கான்கிரீட்டைச் சரிசெய்வது, கழிவுநீர்க் குழாய்களை மாற்றுவது, மின்சாரத் திறனைக் கூட்டுவது எல்லாம் இதில் அடங்கும். புளோக்கில் தகுதியுள்ள சிங்கப்பூரர் குடும்பங்களில் 75 விழுக்காடு ‘சரி’ என்று வாக்களித்தால்தான் வேலை நடக்கும். இந்த 75 விழுக்காடு, வாக்களிக்க வந்தவர்களை மட்டும் வைத்துப் போடும் கணக்கு அல்ல; தகுதியுள்ள எல்லா வீடுகளும் அதில் சேரும். அதனால் நீங்கள் போகாமல் இருந்தால் அது ‘வேண்டாம்’ என்று சொன்னதற்குச் சமம். ‘நம்ம ஒரு வாக்கால் என்ன ஆகப்போகிறது’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு. வீட்டுக்கு ஒரு வாக்குதான். ஷிஃப்ட் பார்த்து, உரிமையாளர்களில் யாருக்கு முடியுமோ அவர் போய் வந்துவிடுங்கள்.

வாக்கெடுப்பில் திட்டம் நிறைவேறிவிட்டால் அத்தியாவசிய வேலைகள் எல்லா வீட்டுக்கும் கட்டாயம். குழாய் மேலிருந்து கீழ்வரை ஒரே வரிசையில் இறங்குவதால் நடுவில் ஒரு வீட்டை மட்டும் விட்டுவிட முடியாது. குடிமக்கள் இதற்குக் காசு கட்ட வேண்டியதில்லை. கழிவறையைப் புதுப்பிப்பது, வாசல் கதவு, இரும்புக் கேட், குப்பைக் குழாய் மூடி ஆகியவை உங்கள் விருப்பம். நாலறை வீட்டுக்காரர்கள் அவற்றின் செலவில் 7.5 விழுக்காடு மட்டும் கட்டினால் போதும். வெளியே ஆள் பிடித்துக் கழிவறையை இடித்துக் கட்டும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படிவம் வரும்போது தேதிக்குள் டிக் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

அதே நேரத்தில் ‘ஈஸ்’ எனும் முதியோர் வசதித் திட்டத்தையும் கேளுங்கள். கழிவறையில் பிடிமானக் கம்பி, வழுக்காத தரை, வாசலில் சாய்தளம் போன்றவற்றை அரசாங்க மானியத்துடன் செய்து தருவார்கள். 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுள்ளவர் வீட்டில் இருந்தால் விண்ணப்பிக்கலாம்; உங்கள் மாமியாருக்குத் தகுதி உண்டு. வாக்கெடுப்பு தோற்றாலும் இதற்குத் தனியாக விண்ணப்பிக்க முடியும்.

வீட்டுக்குள் வேலை நடக்கும் சுமார் 10 நாளும் கழிவறைப் புழக்கம் சிரமமாக இருக்கும். அந்த வயதில் அது சாதாரண விஷயம் இல்லை. முடிந்தால் மாமியாரைப் பகலில் உறவினர் வீட்டில் விடுங்கள், அல்லது உங்களில் ஒருவர் விடுப்பு எடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட சமயத்தில்தான் ‘வீவக அனுப்பியது’ என்று சொல்லிக்கொண்டு கதவு விற்பவர்களும், ‘தண்ணீரைச் சோதிக்க வந்தோம்’ என்று வடிகட்டி விற்பவர்களும் கதவைத் தட்டுவார்கள். அதிகாரி என்றால் அட்டையைக் காட்டுவார். வாசலில் நின்று பணமோ சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைக் கணக்கு) மறைச்சொல்லோ கேட்க மாட்டார். சந்தேகம் இருந்தால் கேட்டைத் திறக்காமல் உங்களுக்கு ஃபோன் போடும்படி மாமியாரிடம் சொல்லி வையுங்கள்.

இப்போது கட்டணம். சேவை, பராமரிப்புக் கட்டணத்துக்குக் கிடைக்கும் கழிவு ஆண்டு முழுவதற்கும் ஆனது அல்ல. பொருள் சேவை வரிப் பற்றுச்சீட்டுத் திட்டத்தில் மூவறை, நாலறை வீடுகளுக்கு ஆண்டுக்கு 2.5 மாதக் கட்டணம் கழியும். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி என்று பிரித்து, நகர மன்றத்தில் உள்ள உங்கள் கணக்கிலேயே நேராக வரவு வைப்பார்கள். சில ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் கூடுதலாகவும் கிடைப்பதுண்டு. மீதி மாதங்களுக்கு நீங்கள்தான் கட்ட வேண்டும். வீட்டில் ஒரு சிங்கப்பூரராவது இருக்க வேண்டும், தனியார் வீடு வைத்திருக்கக் கூடாது, முழு வீட்டையும் வாடகைக்கு விட்டிருக்கக் கூடாது. உங்களுக்குக் கழிவே வரவில்லை என்றால் இந்த மூன்றில் ஒன்று காரணமா என்று பாருங்கள்.

இந்தக் கட்டணம் எதற்கு என்று அடிக்கடி கேட்கிறார்கள். தாழ்வாரத்து விளக்கு, புளோக்கைக் கழுவுவது, குப்பை அள்ளுவது ஆகியவை கண்ணுக்குத் தெரியும் செலவுகள். மின்தூக்கியை மாற்றுவது, கூரையைச் செப்பனிடுவது போன்ற பெரிய வேலைகளுக்காக ஒரு பங்கைத் தனி நிதியில் போட்டு வைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. முன்பு இதையெல்லாம் வீவகதான் பார்த்துக்கொண்டது. 1986இல் ஆங் மோ கியோவில் சோதனையாகத் தொடங்கி, 1988இல் சட்டம் போட்டு, நாடாளுமன்ற உறுப்பினர்களின் தலைமையில் நகர மன்றங்களிடம் ஒப்படைத்தார்கள். வீவகவும் நகர மன்றமும் வேறு வேறு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் அலைச்சல் பாதி குறையும்.

உங்கள் கூரை ஒழுகலையே பாருங்கள். அது நகர மன்றத்தின் வேலை அல்ல. உங்கள் வாசலுக்கு வெளியே உள்ள தாழ்வாரம், மின்தூக்கி, கீழ்த்தளம், கூரைமேல் தொட்டி ஆகியவைதான் நகர மன்றத்துக்கு உரியவை. உங்கள் குளியலறைக் கூரை என்பது மேல்வீட்டுக் குளியலறையின் தரை. அதைச் சரிசெய்வது மேல்வீட்டாரும் நீங்களும் சேர்ந்து ஏற்க வேண்டிய பொறுப்பு. ‘அவங்க வீட்டுத் தண்ணி, அவங்கதான் கட்டணும்’ என்று சண்டைக்குப் போவதற்கு முன், வீவக கிளை அலுவலகத்தில் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்துக்குச் சொல்லுங்கள். செலவில் பாதியை வீவக ஏற்கும். மீதியில் நீங்களும் மேல்வீட்டாரும் ஆளுக்குப் பாதி. ஈரத்திட்டைப் படம் எடுத்து, தேதியோடு வைத்திருங்கள். மேல்வீட்டாரிடம் பேசப் போகும்போது அந்தப் படத்தைக் காட்டி, ‘வாங்கக்கா, வந்து பாருங்க’ என்று அழைத்தால் பேச்சு சுமுகமாகப் போகும்.

சாலை, மரம், சாக்கடை, கொசு என்று வெளியே உள்ளவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஓர் அமைப்பு உண்டு. அதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். ‘ஒன்சர்விஸ்’ செயலியில் படமும் இடமும் போட்டால் உரிய அமைப்புக்கு அவர்களே அனுப்பிவிடுவார்கள். மின்தூக்கியில் மாட்டிக்கொண்டால் மட்டும் செயலியைத் தேடாதீர்கள். 24 மணி நேர அவசர எண் மின்தூக்கிக்குள்ளேயே ஒட்டியிருக்கும்.

அறிவிப்புப் பலகைக்கு வருவோம். அங்கே உள்ளதில் பாதி நிகழ்ச்சி விளம்பரம், பார்த்துவிட்டுப் போகலாம். தேதியும் நேரமும் போட்டு, உங்களை ஏதாவது செய்யச் சொல்லும் தாளைத்தான் விடக் கூடாது. தண்ணீர் நிறுத்தம், புளோக் கழுவுதல், தாழ்வாரத்தில் பொருள் அகற்றுதல், கொசு ஒழிப்புச் சோதனை ஆகியவை அந்த வகை. அங்கேயே நின்று ஃபோனில் ஒரு படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு, ‘அத்தை, புதன்கிழமை காலை தண்ணீர் வராது’ என்று ஒரு குரல் பதிவும் அனுப்பிவிடுங்கள். எந்த மொழியில் அச்சடித்திருந்தாலும் மாமியாருக்குச் செய்தி போய்விடும்.

தொட்டி கழுவும் நாளுக்கு முந்தின இரவே வாளிகளில் பிடித்து வையுங்கள். தண்ணீர் நின்றிருக்கும்போது வாட்டர் ஹீட்டரைப் போடக் கூடாது. திரும்ப வந்ததும் முதலில் கொஞ்சம் கலங்கலாக வரலாம். தெளியும்வரை திறந்துவிட்டு, அப்புறம் சமையலுக்கு எடுங்கள். மிச்சம் இருக்கும் வாளித் தண்ணீரை அன்றே செலவழித்துவிடுங்கள். கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும். நம் வீடுகளில் துளசித் தொட்டியின் அடித்தட்டு, பூ மிதக்கும் உருளி, சாமி அறைச் செம்பு ஆகியவற்றையும் பாருங்கள். பேட்டையில் சிவப்புப் பதாகை கட்டியிருந்தால் டெங்கி பரவும் அந்த வட்டாரத்தில் 10 அல்லது அதற்கு மேற்பட்ட டெங்கிச் சம்பவங்கள் என்று பொருள்.

தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி காலியாக இருக்க வேண்டும். தீப்பிடித்தால் தூக்குப்படுக்கை போகும் பாதை அது. செருப்பு அலமாரி, செடித்தொட்டி வைத்தாலும் இந்த அளவு மிஞ்ச வேண்டும். தீபாவளிக்கு அகல் ஏற்றுபவர்கள் பழைய நாளிதழ்க் கட்டையும் அட்டைப்பெட்டிகளையும் முதல் நாளே அப்புறப்படுத்திவிட வேண்டும். கழிக்க வேண்டிய பழைய சோபா, மெத்தை இருந்தால் நகர மன்றத்துக்கு அழைத்து, எடுத்துச் செல்ல நாள் கேளுங்கள். தாழ்வாரத்தில் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

கடைசியாக அந்தப் பாக்கிக் கடிதம். அதை மேசையில் வைத்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். பாக்கி நீண்டால் விவகாரம் நீதிமன்றம்வரை போகும். தொகை பெரிதாக இருந்தால் நகர மன்றத்தை அழைத்து, தவணை முறையில் கட்ட முடியுமா என்று கேளுங்கள். வேலை போய்விட்டது, மருத்துவச் செலவு என்று உண்மையிலேயே கை இறுக்கமாக இருந்தால், பாக்கிக் கடிதத்தையும் சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கோ, அருகிலுள்ள சமூக சேவை அலுவலகத்துக்கோ போங்கள். அடுத்த மாதத்திலிருந்து ஜைரோவில் போட்டுவிட்டால் வங்கிக் கணக்கிலிருந்து தானே கழிந்துவிடும்.