செக்கும் செக்கும்

அன்புள்ள ஐயா,

காங்கேயம் பக்கம் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறேன். ஏழாவது படிக்கும் என் மகன் செஸ் பழகுகிறான். "செஸ்ஸில் செக், பேங்க்கில் செக், டாக்டரிடம் செக்கப், கட்டம் போட்ட சட்டைக்கும் செக். ஒரே சொல்லுக்கு எப்படிப்பா இத்தனை அர்த்தம்?" என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதே வாரம் வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. செக்கில் பூட்டிய மாடு வட்டத்தை விட்டு விலக முடியாது, அதனால்தான் கட்டுப்படுத்துவதற்கு ஆங்கிலத்தில் செக் என்று பெயராம். காசு கேஷ் ஆனது போல செக்கு செக் ஆயிற்றாம். உண்மை என்றால் கடைப் பலகையில் எழுதிவிடலாம் என்று ஆசை. எழுதலாமா?

ர., காங்கேயம்

அன்புள்ள ர.,

பலகைக்கு இன்னும் பெயிண்ட் வாங்கவில்லை என்றால் நல்லது. வாட்ஸப்பைவிட உங்கள் மகன் கெட்டிக்காரன்.

ஆங்கிலத்தில் ஒரே ஒலிக்குப் பல அர்த்தம் இருந்தால், அவை ஒரு வயிற்றுப் பிள்ளைகளா, பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் வந்து நிற்கும் அந்நியர்களா என்று முதலில் பார்க்க வேண்டும். கிரிக்கெட் பேட்டும் வவ்வாலைக் குறிக்கும் பேட்டும் அந்நியர்கள். உங்கள் மகன் சொன்ன நான்கு செக்கும் அப்படியில்லை, பங்காளிகள். மூதாதை செஸ் பலகையில் நிற்கும் ராஜாதான்.

பாரசீகத்தில் ஷா என்றால் அரசன். ஷாஜகான் பெயரில் இருக்கும் அதே ஷா. நம் நாட்டுச் சதுரங்கம் பாரசீகத்துக்குப் போய், அங்கிருந்து அரேபியர் கைக்கு மாறி, ஐரோப்பா சேர்ந்தது. எதிராளியின் ராஜாவுக்குக் குறி வைத்தவன் 'ஷா' என்று குரல் கொடுப்பான். 'உன் ராஜாவைப் பார்த்துக்கொள்' என்ற எச்சரிக்கை. அது இடைக்கால லத்தீனில் ஸ்காக்கஸ், பழைய பிரெஞ்சில் எஷெக், ஆங்கிலத்தில் செக். எஷெக்கின் பன்மையிலிருந்துதான் செஸ் என்ற பெயரே வந்தது. ஆக, செஸ் என்றால் 'ராஜாக்கள்'. செக்மேட் என்பது ஷா மாத். 'ராஜா செத்தான்' என்று பலர் பொருள் சொல்வார்கள். பாரசீக 'மாத்' வழி இழந்து திகைத்து நிற்பதைச் சொல்கிறது. செஸ்ஸில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லை என்பதால் எனக்கு இதுவே பொருத்தமாகப் படுகிறது.

செக் வைத்துவிட்டால் மற்ற வேலையெல்லாம் அப்படியே நிற்க வேண்டும், ராஜாவைக் காப்பாற்றிய பிறகுதான் மற்றது. அதனால் செக் என்பதற்குத் தடுப்பது, நிறுத்துவது என்ற பொருள் வந்தது. உங்கள் ஊர்ப் பக்கம் ஓடையின் குறுக்கே கட்டுகிறார்களே, செக் டேம், அது இந்தப் பொருள். தவறு நேராமல் தடுக்க வேண்டுமானால் சரிபார்க்க வேண்டும். இப்படி 17ஆம் நூற்றாண்டின் கடைசி வாக்கில் சரிபார்ப்பது என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. டாக்டரின் செக்கப் அதன் வழி. செக் போஸ்ட்டில் இரண்டு பொருளும் சேர்ந்தே நிற்கின்றன: முதலில் வண்டியை நிறுத்துவார்கள், அப்புறம் டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள்.

சட்டையின் செக்குக்கு வருவோம். ராஜா பெயரால் ஆட்டத்துக்குப் பெயர் வந்தது, ஆட்டத்தின் பெயர் பலகைக்குப் போனது, பலகையிலிருந்து கட்டம் போட்ட எதற்கும் பரவியது. நாம் மட்டும் என்ன, செஸ் பலகைக்கும் லுங்கிக்கும் ஜாதகத்துக்கும் ஒரே 'கட்டம்' என்கிறோமே.

இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இங்கிலாந்து அரசின் கணக்கு மேசை. இரண்டாம் ஹென்றியின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களின் கடைசியில் அதை விவரமாக எழுதி வைத்திருக்கிறார். பத்தடி நீளம், ஐந்தடி அகலம். மேலே வைத்தது உருண்டு விழாதபடி நாலு விரல் உயரத்துக்குச் சுற்றிலும் விளிம்பு. அதன்மேல் கோடு போட்ட கறுப்புத் துணி. வரி வசூலித்து வரும் ஷெரீஃப் ஒரு பக்கம் உட்காருவார், பொருளாளர் இன்னொரு பக்கம். ரோமன் எண்களை வைத்துக்கொண்டு கூட்டிக் கழிப்பது தலைவலி என்பதால் துணியின் பத்திகளில் காய்களை அடுக்கிக் கணக்கிடுவார்கள். வலக்கோடியில் பென்னி, அடுத்து ஷில்லிங், பவுண்டு, இருபது, நூறு, ஆயிரம் என்று இடப்பக்கமாகப் பெருகிக்கொண்டே போகும். செஸ்ஸில் இரண்டு பேர் மோதுவது போல இங்கே ஷெரீஃபும் பொருளாளரும் மோதுகிறார்கள் என்று அவரே எழுதுகிறார். பலகை போலிருந்ததால் அந்த மேசைக்கு எக்ஸ்செக்கர் என்று பெயர், பிறகு கருவூலத்துக்கே அதுதான் பெயர். இன்றைக்கும் பிரிட்டிஷ் நிதியமைச்சர் எக்ஸ்செக்கரின் சான்சலர்தான்.

பணம் கட்டியதற்கு அங்கே ரசீது மரக்குச்சி. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கைப் பருமனில் வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் பருமன், ஒரு பவுண்டுக்கு வாற்கோதுமை மணி அளவு. குச்சியை நீளவாக்கில் பிளந்து ஆளுக்கொரு பாதி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் யாரும் திருத்தியிருக்க முடியாது. வழக்கொழிந்த பிறகு மிஞ்சிய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்ற அடுப்பில் போட்டு எரித்தார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் மாளிகையே எரிந்து போனது.

பேங்க் செக்கும் இதே யோசனைதான். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் என்றால் அடிக்கட்டை. கையில் இருக்கும் அடிக்கட்டையோடு ஒப்பிட்டுக் கள்ளத்தைத் தடுப்பது. மெல்ல அந்தப் பெயர் கிழித்துக் கொடுக்கும் தாளுக்குத் தாவிவிட்டது. எக்ஸ்செக்கரின் சாயலில் பிரிட்டிஷ்காரர்கள் அதன் எழுத்தை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்காவில் இன்னும் எல்லாச் செக்கும் ஒரே எழுத்துதான்.

சரி, உங்கள் செக்கு? வ.உ.சி. கோவைச் சிறையில் இழுத்த செக்குக்கும் ஷாவுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பஸ் ஸ்டாண்ட் அந்நியர்கள். செக் குடியரசும் அதே வரிசையில் நிற்கிற இன்னொரு அந்நியர்.

காசு விஷயத்தில் வாட்ஸப்காரர் பாதி சரி. தென்னிந்திய, சீனச் சில்லறை நாணயங்களுக்கு ஆங்கிலேயர்கள் வைத்த 'கேஷ்' என்ற பெயர் நம் காசுதான், போர்த்துக்கீசியர் வாய் வழியாகப் போனது. ஆனால் 'கேஷா, கார்டா?' என்று கடையில் கேட்கிறார்களே, அந்தக் கேஷ் வேறு. பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. பெட்டியின் பெயர் உள்ளே இருப்பதற்கு ஆகிவிட்டது. உங்கள் கல்லாப்பெட்டிக்கு இதுதான் நெருங்கிய சொந்தம்.

பலகையில் ஏதாவது எழுதியே ஆகவேண்டும் என்றால் ஒன்று சொல்கிறேன். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'செக்கிறை' என்று ஒரு வரி வருகிறது, தறியிறைக்குப் பக்கத்திலேயே. செக்கு வைத்திருந்தவர் அரசுக்குக் கட்டிய வரி. ஜி.எஸ்.டி. எண்ணுக்கு மேலே எழுத அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

அப்புறம் ஒரு சொந்தக் காரியம். பல வருடம் முன்பு ஒரு பத்திரிகை எனக்குக் கொடுத்த 250 ரூபாய்க் காசோலை பணமில்லாமல் திரும்பி வந்தது, அதற்கும் என் கணக்கில்தான் கட்டணம் பிடித்தார்கள். காசும் ஓலையும் சேர்ந்த அந்த அழகான சொல்மேல் இருந்த மரியாதை அன்று கொஞ்சம் குறைந்தது. இருந்தாலும் உங்கள் கடையிலிருந்து இரண்டு லிட்டர் நல்லெண்ணெய் அனுப்புங்கள், காசோலை அனுப்புகிறேன். திரும்பி வராது. சந்தேகமாக இருந்தால் மகனிடம் கொடுத்துச் செக் பண்ணச் சொல்லுங்கள்.