எந்த ஹார்ட் டிஸ்க் நல்லது, சார்?

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை போட்டு இருபது வருடம் ஆகிவிட்டது. கடைக்கு வருகிறவர்களும் சரி, எழுதிக் கேட்கிறவர்களும் சரி, தலைப்பில் உள்ள கேள்வியைத்தான் முதலில் கேட்கிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, மற்றவற்றைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

லேப்டாப்பில் இடமே இல்லை. பிள்ளைகள் பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்குக்கு மாற்றிவிட்டு லேப்டாப்பைக் காலி செய்யப்போகிறேன். எந்த பிராண்ட் வாங்கலாம்? (திருச்சியிலிருந்து ஒரு அம்மா)

பிராண்டுக்கு அப்புறம் வருகிறேன். "மாற்றிவிட்டுக் காலி செய்யப்போகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் பகீரென்றது. இப்போது லேப்டாப்பில் ஒரு பிரதி இருக்கிறது. மாற்றிய பிறகு டிஸ்கில் ஒரு பிரதி இருக்கும். இடம் மாறியதே தவிர ஒன்று இரண்டாகவில்லை. அதுவும் மேஜையிலிருந்து விழக்கூடிய, பிள்ளைகள் கேபிளைப் பிடித்து இழுக்கக்கூடிய ஒரு பொருளுக்குப் போயிருக்கிறது. ஒரே ஃபைல் குறைந்தது இரண்டு தனித்தனிக் கருவிகளில் இருந்தால்தான் அது பேக்கப். என் கடையில் வந்து கண்கலங்கி நிற்பவர்களில் பலர் அலட்சியமானவர்கள் இல்லை. "பேக்கப் எடுத்துத்தான் வைத்திருந்தேன், அந்த டிஸ்க்தான் போய்விட்டது" என்கிறவர்கள்.

ஆகவே பெரிதாக ஒன்று வாங்குவதற்குப் பதில் சிறிதாக இரண்டு வாங்குங்கள். செலவு கொஞ்சம் கூடும், பரவாயில்லை. இரண்டிலும் அதே போட்டோக்களைக் காப்பி செய்யுங்கள். 'கட்' வேண்டாம், 'காப்பி' மட்டும். முடிந்ததும் இரண்டிலும் அங்கங்கே சில வீடியோக்களைத் திறந்து ஓடவிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு லேப்டாப்பில் அழிக்கலாம்.

சரி, பிராண்ட். இன்று உலகத்தில் ஹார்ட் டிஸ்க் தயாரிப்பவை மூன்றே கம்பெனிகள்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. சாம்சங்கின் ஹார்ட் டிஸ்க் பிரிவு 2011-ல் சீகேட் கைக்குப் போனது. ஹிட்டாச்சியின் பிரிவு 2012-ல் வெஸ்டர்ன் டிஜிட்டலிடம் சேர்ந்தது. வேறு பெயர் போட்டு விற்கும் நல்ல டிஸ்கைப் பிரித்தாலும் உள்ளே இந்த மூன்றில் ஒன்றுதான் இருக்கும். இரண்டு டிஸ்கையும் ஒரே நாளில் ஒரே மாடலாக வாங்காமல் வெவ்வேறு கம்பெனியாக வாங்கச் சொல்வேன். ஒரே வார்ப்பில் வந்தவை ஒரே மாதிரி கோளாறாக வாய்ப்புண்டு. வாரண்டி எத்தனை வருடம் என்று பாருங்கள், ஆனால் அதை ரொம்ப நம்ப வேண்டாம். டிஸ்க் கெட்டால் வேறு டிஸ்க் தருவார்கள், முதல் பிறந்தநாள் வீடியோவை யாரும் தரமாட்டார்கள்.

ஹார்ட் டிஸ்கா, எஸ்.எஸ்.டி.யா? கடைக்காரர் எஸ்.எஸ்.டி.தான் நல்லது என்கிறார். (கோவைக் கல்லூரி மாணவர்)

பையில் போட்டுக்கொண்டு தினமும் பஸ்ஸில் போகிறீர்கள் என்றால் கடைக்காரர் சொல்வது சரி. ஹார்ட் டிஸ்குக்குள் தட்டு சுழல்கிறது. தட்டைத் தொடாமல், தூசியைவிடச் சிறிய இடைவெளியில் அதன் மேல் ஒரு தலை மிதக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்தால் தலை தட்டில் மோதும். எஸ்.எஸ்.டி.யில் எல்லாம் சிப்தான், அசையும் பாகமே கிடையாது. வேகமும் பல மடங்கு.

ஆனால் எழுதி பீரோவில் பூட்டி வைக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் நான் ஹார்ட் டிஸ்க் பக்கம். எஸ்.எஸ்.டி. தகவலை மின்னூட்டமாகப் பிடித்து வைக்கிறது. மின்சாரமே தொடாமல் நீண்ட காலம் கிடந்தால் அது மெல்லக் கசியும். வெக்கை கூடினால் இன்னும் வேகமாக. இந்தத் துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் கணக்குப்படி, எழுதி எழுதி ஆயுள் முடிந்த ஒரு சாதாரண எஸ்.எஸ்.டி. 30 டிகிரி வெப்பத்தில் மின்சாரம் இல்லாமல் ஒரு வருடம் தகவலைக் காக்க வேண்டும், அவ்வளவுதான். புது எஸ்.எஸ்.டி. இதைவிட வெகுகாலம் தாங்கும், பயப்பட வேண்டாம். ஆனாலும் ஐந்து வருடம் லாக்கரில் மறந்துபோகிற பொருள் அது இல்லை. இன்னொன்று, ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் சத்தம் போட்டோ மந்தமாகியோ ஒரு ஜாடை காட்டிவிட்டுப் போகும். எஸ்.எஸ்.டி. நேற்று நன்றாக இருந்தது, இன்று இல்லை என்றாகிவிடும். விலையிலும், 2 டிபி, 4 டிபி என்று போகப்போக இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாகும்.

2 டிபி என்று வாங்கினேன், கம்ப்யூட்டர் 1.81 டிபி என்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. அதே டிஸ்கை மேக்கில் செருகினால் 2 டிபி என்றே காட்டும்.

16 டிபி எஸ்.எஸ்.டி. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு ஆன்லைனில் வந்திருக்கிறது. வாங்கலாமா?

வாங்காதீர்கள். அந்தப் பெட்டிக்குள் பசை வைத்து ஒட்டிய ஒரு மெமரி கார்டு இருக்கும். 16 டிபி என்று பொய் சொல்லும்படி அதற்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கொடுமை என்னவென்றால் ஃபைல்கள் காப்பி ஆவதுபோலவே தெரியும், பெயர்களும் வரிசையாக நிற்கும். திறந்தால் ஒன்றும் இருக்காது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால் உண்மையான கொள்ளளவு தெரிந்துவிடும்.

புது டிஸ்க் முதலில் வேகமாகக் காப்பி செய்தது. அரை மணி நேரத்துக்குப் பிறகு ஊர்கிறது. டெஸ்க்டாப்பின் முன்பக்க போர்ட்டில் செருகினால் சில சமயம் 'டிக் டிக்' என்று அடித்து நின்றும்விடுகிறது. மாற்றித் தரச் சொல்லட்டுமா? (மதுரை வாசகர்)

இரண்டு வெவ்வேறு விஷயங்கள். டிக் டிக் சத்தத்தை முதலில் பார்ப்போம். கையடக்க டிஸ்குக்குத் தனி அடாப்டர் இல்லை, யூ.எஸ்.பி. கேபிள் வழியாக வரும் மின்சாரத்தில்தான் தட்டு சுழல வேண்டும். பழைய யூ.எஸ்.பி. 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் தரும், 3.0 போர்ட் 900. முன்பக்க போர்ட்டுக்கு உள்ளே நீளமான ஒயர் வேறு போகிறது. மின்சாரம் போதாமல் தட்டு சுற்ற ஆரம்பிப்பதும் நிற்பதுமாக இருக்கலாம். பின்பக்கம் மதர்போர்டிலேயே உள்ள போர்ட்டில், முடிந்தால் உள்ளே நீல நிறம் இருக்கும் 3.0 போர்ட்டில், டிஸ்குடன் வந்த கேபிளையே போட்டுச் செருகிப் பாருங்கள். அங்கேயும் டிக் டிக் என்றால் உடனே கழற்றிவிட்டு, வாரண்டியில் கொடுங்கள். தட்டுவது, ஃப்ரிட்ஜில் வைப்பது போன்ற வைத்தியமெல்லாம் வேண்டாம்.

போர்ட்டை மாற்றினால் வேகமும் கூடும். யூ.எஸ்.பி. 2.0-ல் நொடிக்கு 35 எம்.பி. வந்தால் அதிகம், 500 ஜிபி ஏற்ற நான்கு மணி நேரம். 3.0-ல் அதே வேலை ஒன்றேகால் மணி நேரத்தில் முடியலாம்.

இப்போது ஊர்கிற விஷயம். இது பெரும்பாலும் கோளாறு இல்லை, கட்டுமான முறை. கையடக்க டிஸ்குகளில் நிறையவற்றில் எஸ்.எம்.ஆர். என்ற முறையில் தகவல் எழுதுகிறார்கள். நாட்டு ஓடு வேய்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ஓட்டின் மேல் இன்னொன்று பாதி ஏறி உட்கார்ந்திருக்கும். அதுபோல ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் கொஞ்சம் ஏறி நிற்கும். அதனால்தான் சின்ன டிஸ்கில் அதிக இடம் கிடைக்கிறது. புதிதாக வேயும்போது பிரச்சினை இல்லை. நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமானால் மேலே இருப்பதையெல்லாம் எடுத்து அடுக்க வேண்டுமே, அந்த வேலையில்தான் டிஸ்க் மூச்சு வாங்குகிறது. முதலில் வேகமாகப் போனது, தனியாக வைத்திருக்கும் ஒரு தற்காலிகப் பகுதியில் கொட்டியதால். அது நிரம்பியதும் மந்தமாகிவிடும். போட்டோ பேக்கப்புக்கு இது ஒரு குறையே இல்லை, ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். அந்த டிஸ்கிலேயே வீடியோ எடிட்டிங் செய்ய நினைத்தால்தான் கஷ்டம்.

டெஸ்க்டாப் என்பதால் ஒரு வார்த்தை: யூ.பி.எஸ். இல்லாமல் காப்பி செய்ய வேண்டாம். எழுதும்போது கரண்ட் போனால் அந்த ஃபைல் மட்டுமல்ல, ஃபோல்டர் அமைப்பே குழம்பிவிடலாம். அடாப்டர் வைத்த பெரிய டிஸ்குக்கு இது லேப்டாப்பிலும் பொருந்தும். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, அந்த டிஸ்கில் இல்லை.

எங்கள் வீட்டில் விண்டோஸ், மகனிடம் மேக். ஒரே டிஸ்க் இரண்டிலும் வேலை செய்யுமா?

எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மட் செய்தால் இரண்டிலும் படிக்கலாம், எழுதலாம். விண்டோஸின் சொந்த முறையான என்.டி.எஃப்.எஸ்.ஸில் உள்ள டிஸ்கை மேக் படிக்கும், எழுதாது. ஃபேட்32 வேண்டாம், 4 ஜிபிக்கு மேல் உள்ள ஃபைலை ஏற்காது. ஆனால் எக்ஸ்ஃபேட் கொஞ்சம் நோஞ்சான். 'எஜெக்ட்' கொடுக்காமல் பிடுங்கினால் மற்றவற்றைவிடச் சீக்கிரம் குழம்பும். என்னைக் கேட்டால் மகனுக்குத் தனி டிஸ்க் கொடுத்து, மேக்கிலேயே வரும் பேக்கப் வசதியான டைம் மெஷினைப் போட்டுவிடச் சொல்வேன், நீங்கள் என்.டி.எஃப்.எஸ்.ஸிலேயே இருங்கள். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

கடைக் கணக்கு முழுவதும் டாலியில். டிஸ்கை எப்போதும் செருகியே வைத்திருக்கிறேன், தானாகவே பேக்கப் ஆகிறது. கூகுள் டிரைவிலும் ஏறுகிறது. இது போதும்தானே? (ஈரோடு ஜவுளி வியாபாரி)

நிறையப் பேரைவிட நன்றாகவே செய்கிறீர்கள். ஓட்டை ஒன்றுதான்: எப்போதும் செருகியே இருப்பது. 2017 மே மாதம் வானாக்ரை உலகத்தை ஆட்டிவைத்ததே, அந்த வகை வைரஸ் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தால் சி டிரைவோடு நிற்காது. இணைந்திருக்கும் எல்லா டிஸ்கையும் பூட்டிவிட்டுத்தான் பணம் கேட்கும். கிளவுடில் ஏறுவதும் 'சிங்க்' என்றால், இங்கே கெட்ட ஃபைல் அங்கேயும் போய் நல்லதன் மேல் உட்கார்ந்துவிடும். சில நாள் வரை பழையதைத் திரும்ப எடுக்க வழியுண்டு, அதற்குள் கவனிக்க வேண்டும்.

இன்னொரு டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் மற்றது. செருகாத டிஸ்க் கடையில் இருக்க வேண்டாம், வீட்டுக்குப் போகட்டும். மாதம் ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் அந்த பேக்கப்பை 'ரீஸ்டோர்' செய்து, கடைசி பில் நம்பர் சரியாக வருகிறதா என்று பாருங்கள். இதை யாருமே செய்வதில்லை. நானும் ஒரு தடவை சூடுபட்ட பிறகுதான் ஆரம்பித்தேன். எட்டு மாதமாக ஒழுங்காகப் பேக்கப் ஆகிறது என்று நம்பியிருந்தேன், திறந்தபோது காலி ஃபோல்டர்தான் இருந்தது.

ஒரு டிஸ்க் எத்தனை வருடம் வரும்? எங்கே வைத்தால் பாதுகாப்பு? (சென்னையிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர்)

உறுதியாக யாராலும் சொல்ல முடியாது. நான் ஐந்து வருடத்தில் புதியதுக்கு மாற்றிவிடுகிறேன். பழையதைத் தூக்கிப் போடாமல் மூன்றாவது பிரதியாக வைக்கிறேன். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்கின் உடம்பு நிலையைச் சொல்லும். நீலம் என்றால் சரி, மஞ்சள் வந்தால் அன்றைக்கே வேறு டிஸ்குக்குக் காப்பி எடுங்கள். கடற்கரை ஊரில் ஈரம் அதிகம், ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு மூடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துச் சுழலவிடுங்கள்.

எங்கே வைப்பது என்று கேட்டீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு என் கடை வாசலில் சேறு அப்பிய சி.பி.யு.க்கள் வரிசையாக நின்றன. கம்ப்யூட்டரும் பேக்கப் டிஸ்கும் ஒரே மேஜையில் இருந்து, இரண்டும் ஒன்றாக மூழ்கிய வீடுகள் அதில் பல. ஆகவே இரண்டாவது டிஸ்க் வேறு வீட்டில் இருக்கட்டும். மகள் வீடு, தம்பி வீடு, எங்கேயாவது மாடி வீடாக இருந்தால் நல்லது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது கையோடு புதிதாகக் காப்பி எடுத்த டிஸ்கைக் கொடுத்து, அங்கே இருப்பதை வாங்கி வந்துவிடலாம். பான் கார்டு, வங்கிக் காகிதமெல்லாம் உள்ளே இருந்தால் கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள். விண்டோஸ் ப்ரோவில் பிட்லாக்கர் இருக்கிறது. ஹோம் என்றால் வெராகிரிப்ட் இலவசம். கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி டிஸ்க் இல்லாத இன்னொரு இடத்தில் வையுங்கள். மறந்தால் நானும் திறக்க முடியாது, யாரும் திறக்க முடியாது.

அப்படியும் டிஸ்க் நனைந்துவிட்டால் வெயிலில் காயவைத்துச் செருகிப் பார்க்காதீர்கள், ஹேர் டிரையரும் வேண்டாம். கரண்ட் கொடுக்காமல் அப்படியே ஒரு கவரில் போட்டு, தகவல் மீட்பு மட்டுமே செய்கிற இடத்துக்குக் கொண்டுபோங்கள். செலவு ஆயிரக்கணக்கில் ஆகும், கிடைக்கும் என்ற உறுதியும் கிடையாது.