கேள்வி–பதில்: கமர்கட்டு முதல் காபி பைட் வரை

போன இதழில் எலந்தவடையைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினோம். அதன் வினை, இந்த முறை வந்த கேள்விகளில் பாதி மிட்டாய்க் கேள்விகள். சரி, முழுக்க அதையே பார்த்துவிடலாம்.

வீட்டில் கமர்கட்டு செய்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, இல்லையென்றால் உருட்டுவதற்குள் இறுகிவிடுகிறது. பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்ற அந்தக் கடினம் எப்படி வரும்?
– வாசகி, திண்டுக்கல்

பாகில்தான் எல்லாம் இருக்கிறது. வெல்லத்தைக் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் விரலால் உருட்ட வருகிற பதம் ஒன்று வரும், பலர் அங்கேயே அவசரப்பட்டு இறக்கிவிடுகிறார்கள். அது அதிரசத்துக்குச் சரி, கமர்கட்டுக்குப் போதாது. தண்ணீரிலிருந்து எடுத்த பாகைத் தட்டில் போட்டால் ‘டங்’கென்று கல் விழுந்த சத்தம் கேட்க வேண்டும். தேங்காய்த் துருவலை முன்கூட்டியே வெறும் வாணலியில் ஈரம் போக வறுத்து வையுங்கள். பச்சையாகப் போட்டால் அந்த ஈரமே பாகை இளக்கிவிடும், உங்கள் பிசுபிசுப்புக்கு அநேகமாக அதுதான் காரணம். துருவல் சேர்த்துச் சுருண்டு வந்ததும் கையில் நெய் தடவிக்கொண்டு சூட்டோடு உருட்ட வேண்டும். தனியாக உட்காராதீர்கள், வீட்டில் இருக்கிற இன்னும் இரண்டு பேரைப் பிடித்து உட்கார வையுங்கள். நடுவில் இறுகிவிட்டால் சட்டியைச் சிறு தீயில் கொஞ்சம் காட்டினால் இளகிவரும்.

தேன் மிட்டாயில் தேன் உண்டா?
– வாசகர், தேனி

சொட்டுகூடக் கிடையாது. அரிசியும் உளுந்தும் அரைத்த மாவில் கலர் சேர்த்து, குட்டிக் குட்டியாக எண்ணெயில் பொரித்து, சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டு எடுப்பது. கடித்ததும் உள்ளே இருக்கிற பாகு வழிகிறதே, அதைத்தான் தேன் என்று நம்பிக்கொண்டிருந்தோம். தேனி ஊர்க்காரரே கேட்கிறாரே!

‘90ஸ் கிட்ஸ் மிட்டாய்’ என்று ஒரு பெட்டி ஆன்லைனில் வாங்கினேன். என் மகள் இரண்டைத் தின்றுவிட்டு எழுந்து போய்விட்டாள். மிட்டாய் மாறிவிட்டதா, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ரசனை இல்லையா?
– வாசகர், சேலம்

மகளைக் குறை சொல்லாதீர்கள், அவள் நாக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது. அந்தப் பெட்டியில் இருப்பதில் கடலை மிட்டாய், கமர்கட்டு, எள்ளுருண்டை தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் சீனியும் கலரும். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது. பழசு என்றாலே ஆரோக்கியம் என்று இப்போது ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது, பல்லி மிட்டாய்க்கும் ஆரஞ்சு மிட்டாய்க்கும் அந்தப் பட்டம் கொடுப்பது ரொம்ப அதிகம்.

நமக்கு ருசித்ததற்குக் காரணம் வேறு. விளிம்பு வளைந்து வளைந்து இருக்குமே அந்தப் பத்துப் பைசா அலுமினியக் காசு, அதை உள்ளங்கை வியர்க்க இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெட்டிக்கடைக் கண்ணாடி பாட்டில்களுக்கு முன்னால் நின்று, இதுவா அதுவா என்று குழம்பி, கடைக்காரர் “சீக்கிரம் சொல்லுடா” என்று அதட்டிய பிறகு ஒன்றைக் காட்டுவோம். ஜவ்வு மிட்டாய்க்காரர் வந்தால் இன்னும் விசேஷம். மூங்கில் கழி உச்சியில் பொம்மை கையைத் தட்டிக்கொண்டிருக்க, கீழே சுற்றி வைத்த ஜவ்வை இழுத்து இழுத்து வாட்சு, மோதிரம், தேள் என்று கேட்டதைச் செய்து கையில் கட்டிவிட்டு, கடைசியில் துளியூண்டு பிய்த்துக் கன்னத்தில் ஒட்டிவிடுவார். அது கொசுறு. இதையெல்லாம் அட்டைப்பெட்டியில் அடைத்துக் கூரியரில் எப்படி அனுப்புவது? கையில் இருபது ரூபாய் கொடுத்து மகளைத் தனியாகக் கடைக்கு அனுப்பிப் பாருங்கள். (பத்துப் பைசா இருந்தால் பத்திரமாக வையுங்கள். 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30-க்குப் பிறகு செல்லாது.)

பஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுக்கலாமா, கூடாதா?
– வாசகி, கடலூர்

அடிக்கிற ரோஸ் கலரில் இருந்தால் வேண்டாம். துணிக்குச் சாயம் போடுகிற ரோடமைன்-பி கலந்திருப்பது தெரியவந்துதான் 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியும் அடுத்துத் தமிழக அரசும் விற்பனைக்குத் தடை போட்டன. பஞ்சு மிட்டாய் என்பது சர்க்கரையை உருக்கி, சுழல விட்டு, நூலாக இழுப்பது, அவ்வளவுதான். கலர் போடாவிட்டால் வெள்ளையாக வரும், இனிப்பில் ஒரு குறையும் இருக்காது.

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு மட்டும் ஏன் இவ்வளவு மவுசு?
– வாசகர், ஈரோடு

கரிசல் மண்ணில் விளைந்த கடலை, நல்ல வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் என்று மூன்றைச் சொல்வார்கள். 2020-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எங்களைக் கேட்டால் முக்கால்வாசி சூட்சுமம் கடலை வறுபடுகிற பக்குவத்தில் இருக்கிறது. மேலே தூவுகிற கலர் தேங்காய்த் துருவல் அழகுக்கு.

காபி பைட் இன்னும் பாரி கம்பெனியுடையதுதானா? எங்கள் ஊர்ப்பக்கம் நெல்லிக்குப்பத்தில்தான் தயாரானது.
– வாசகர், பண்ருட்டி

இல்லை. பாரியின் மிட்டாய்த் தொழிலை 2004-இலேயே கொரியாவின் லோட்டே வாங்கிவிட்டது. காபியா, டாபியா என்று சண்டை போடுகிற அந்த விளம்பரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்னும் அது பாரி மிட்டாய்தான். லாக்டோ கிங்குக்கும் இதே கதை.

அமெரிக்காவில் இருக்கும் பேரனுக்கு நம் ஊர் மிட்டாய் அனுப்ப ஆசை. எதை அனுப்பலாம்?
– வாசகி, மதுரை

கமர்கட்டு அனுப்புங்கள் அம்மா, கல் மாதிரி போய்ச் சேரும். பால்கோவா வழியிலேயே கெட்டுப்போகும், ஜவ்வு மிட்டாய் உருகி ஒரே கட்டியாகிவிடும். கடலை மிட்டாயும் தாங்கும், ஆனால் பேரன் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று மருமகளிடம் சொல்லிவிடுங்கள். கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காக அங்கே பல பள்ளிகளில் கடலைப் பண்டங்களை உள்ளே விடுவதில்லை.