ஆயிரம் மில்லிகிராமில் டிஹெச்ஏ எவ்வளவு?

சென்ற முறை கர்ப்பிணிகளுக்கான சத்துப் பவுடர் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒமேகா-3 என்ற கொழுப்பு அமில வகையைப் பற்றித்தான். கீழே அடிக்கடி வரும் டிஹெச்ஏ, இபிஏ இரண்டும் அந்த வகையைச் சேர்ந்தவை. சுருக்கிப் போட்டிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மனைவிக்கு ஐந்தாம் மாதம். டாக்டர் டிஹெச்ஏ 200 மி.கி. சாப்பிடச் சொன்னார். மருந்துக் கடையில் "1000 மி.கி. மீன் எண்ணெய்" மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து மடங்கு அதிகமாகிவிடாதா? (ஈரோடு)

அதிகம் இல்லை, குறைவு. அந்த 1000 என்பது உள்ளே இருக்கும் எண்ணெயின் எடை. டிஹெச்ஏ அந்த எண்ணெயில் ஒரு பகுதிதான். சாதாரண 1000 மி.கி. மாத்திரையில் பெரும்பாலும் இபிஏ 180, டிஹெச்ஏ 120 இருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், அந்த எண்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் பொருள். கடைசி மூன்று மாதத்தில் குழந்தையின் மூளையிலும் விழித்திரையிலும் வேகமாகச் சேர்கிற கொழுப்பு அமிலம் இந்த டிஹெச்ஏ. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 200 மி.கி. என்பது ஐ.நா. உணவு அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு சொன்ன அளவு. உங்கள் டாக்டர் சொன்னதும் அதுவே.

நானும் இதில் ஏமாந்தவள்தான். மூத்தவள் வயிற்றில் இருந்தபோது, 1000 என்ற எண்ணைப் பார்த்து மயங்கி 180 மாத்திரை உள்ள பெரிய டப்பாவாக வாங்கினேன், பின்பக்கத்தை ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. காலையில் விழுங்கினால் மாலை வரை மீன் ஏப்பம். மீதி மாத்திரைகள் அவள் எல்கேஜி சேரும்வரை ஃபிரிட்ஜ் கதவில் கிடந்தன. நீங்களாக இரண்டு மாத்திரை போட்டுச் சரிக்கட்ட வேண்டாம். டப்பாவை டாக்டரிடமே காட்டுங்கள். டிஹெச்ஏ 200 என்று தனியாகப் போட்ட மாத்திரைகளும் கடையில் கிடைக்கின்றன.

மாமியார் காட் லிவர் ஆயில் வாங்கி வந்திருக்கிறார். அதுவும் மீன் எண்ணெய்தானே? (திருச்சி)

இல்லை, அது மீனின் ஈரல் எண்ணெய். வைட்டமின் ஏ நிறைய இருக்கும், கர்ப்ப காலத்தில் அது அளவு மீறினால் சிசுவுக்குக் கேடு. திறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏற்கனவே சாப்பிட்டிருந்தால் நாளைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

"குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு" என்று போட்ட கர்ப்பிணிப் பவுடர், 400 கிராம் டப்பா 780 ரூபாய். மாதம் மூன்று டப்பா ஆகிறது. தொடரலாமா? லேபிள் படம் அனுப்பியிருக்கிறேன். (மதுரை)

முதலில் லேபிள் படம் அனுப்பியதற்கு நன்றி. இந்த மாதம் அதைச் செய்த ஒரே ஆள் நீங்கள்தான். படத்தில் 100 கிராமுக்கு டிஹெச்ஏ 100 மி.கி. என்று இருக்கிறது. ஒரு டம்ளருக்கு 20 கிராம் பவுடர் போடச் சொல்கிறார்கள். ஆக, ஒரு டம்ளரில் 20 மி.கி. 200 தேற வேண்டுமானால் நாளைக்குப் பத்து டம்ளர் குடிக்க வேண்டும். டப்பா முழுவதையும் கரைத்து ஒரே மூச்சில் குடித்தாலும் இரண்டு நாள் பங்குதான் உள்ளே போகும். பொருள் பட்டியலில் சர்க்கரை இரண்டாவது இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பட்டியலை எடை அதிகமானதிலிருந்து குறைவானதற்குத்தான் எழுத வேண்டும் என்பது விதி, அதனால் இரண்டாவது இடம் என்றால் சும்மா இல்லை. இதற்குத்தான் மாதம் 2,340 ரூபாய் போகிறது.

அப்புறம் அந்த "மூளை" என்ற சொல். எனக்கு இதில் பல வருடக் கோபம் இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மூளைக்கு டிஹெச்ஏ வேண்டும் என்பது உண்மை. மேற்கொண்டு வாங்கிக் கொடுத்தால் பிள்ளை கூடுதல் கெட்டிக்காரனாகப் பிறப்பான் என்பது வேறு சங்கதி, இதை நிரூபிக்கப் போனவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் சுமார் 2,400 கர்ப்பிணிகளை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. தினம் 800 மி.கி. டிஹெச்ஏ கொடுத்தும், ஒன்றரை வயதில் குழந்தைகளின் அறிவு வளர்ச்சி மதிப்பெண் சராசரியில் கூடவில்லை. நம் பக்கத்திலேயே, கர்நாடகாவில் பெலகாவியில், பாசியிலிருந்து எடுத்த டிஹெச்ஏ 400 மி.கி. தினம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வயதில் வித்தியாசம் தெரியவில்லை.

ஒமேகா-3 வேறு ஒரு விஷயத்தில் உதவியதாகத் தெரிந்தது, அதை எந்த டப்பாவும் படம் போட்டுக் காட்டுவதில்லை. 70 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்புக் குழு சொன்ன கணக்குப்படி, 34 வாரத்துக்கு முன்பே பிறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 46 என்பது ஒமேகா-3 எடுத்தவர்களிடம் 27 ஆனது. எடை குறைந்து பிறப்பதும் கொஞ்சம் குறைந்தது. மறு வருடமே 5,500 கர்ப்பங்களை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த பெரிய ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. ஆகவே உங்களுக்கு மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும். பவுடரை நிறுத்தலாம். டாக்டர் புரதம் போதவில்லை என்று சொல்லியிருந்தால் சுண்டல், முட்டை, பால் என்று அந்தப் பணத்தைப் போடுங்கள்.

நாங்கள் சைவம். ஆளிவிதையும் வால்நட்டும் போதாதா? (கும்பகோணம்)

போதும் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அவற்றில் இருப்பது ஏஎல்ஏ என்ற முன்னோடி அமிலம். உடம்பு அதை டிஹெச்ஏவாக மாற்றுவது ரொம்பக் கொஞ்சம். சாப்பிடுங்கள், நல்ல உணவு, ஆனால் டிஹெச்ஏ கணக்கில் சேர்க்காதீர்கள். மீனுக்கே டிஹெச்ஏ கடல் பாசியிலிருந்துதான் வருகிறது, அந்தப் பாசியிலிருந்து நேரடியாக எடுத்த மாத்திரைகள் உண்டு. பச்சைக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் பாசியினுடையதாக இருந்தும் மேலுறை விலங்கிலிருந்து எடுத்த ஜெலட்டினாக இருக்கலாம். ஆளிவிதை எண்ணெய் மட்டும் பெரிய பாட்டிலாக வாங்கவே வாங்காதீர்கள். தள்ளுபடி என்று ஒரு லிட்டர் வாங்கி அடுப்பு மேடையில் வைத்திருந்தேன், மூன்று வாரத்தில் வேப்பெண்ணெய்க்குத் தங்கையாகிவிட்டது.

மகளுக்குப் பிரசவமாகி இருபது நாள். பால் ஊற சுறா புட்டுதான் எங்கள் வழக்கம். பாதரசம் இருக்கிறது என்று மருமகன் தடுக்கிறார். (தூத்துக்குடி)

மருமகன் பக்கம் நியாயம் இருக்கிறது. மற்ற மீன்களைத் தின்று வளரும் பெரிய மீன்களில் பாதரசம் சேரும், சுறா அதில் முன்வரிசை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் சுறாவைத் தவிர்க்கச் சொல்கிறது. பால் சுறா சிறியதாயிற்றே என்பீர்கள். பெரியதைவிடப் பரவாயில்லைதான், ஆனால் மத்தி இருக்கும்போது எதற்கு? உங்கள் ஊரில் சாளை என்பீர்கள். மத்தி, நெத்திலி, அயிலை எல்லாம் சின்ன மீன், பாதரசம் குறைவு, டிஹெச்ஏ தாராளம். 100 கிராம் மத்தியில் பல நூறு மில்லிகிராம் இருக்கும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் குழம்பு வைத்துக் கொடுங்கள். தாய் சாப்பிடுவதைப் பொறுத்துத்தான் தாய்ப்பாலில் டிஹெச்ஏ கூடும் குறையும், பேரக்குழந்தைக்கும் போய்ச் சேரும். மேலே மதுரைக்காரர் கொடுக்கும் 780 ரூபாய்க்கு எத்தனை கிலோ சாளை வரும் என்று மார்க்கெட்டில் கேட்டுப் பாருங்கள்.

தனியார் மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு பை கொடுத்தார்கள். உள்ளே டிஹெச்ஏ சேர்த்த பால் பவுடர் டப்பாவும் அடுத்த டப்பாவுக்குத் தள்ளுபடிக் கூப்பனும். எனக்குப் பால் நன்றாகவே வருகிறது. நர்ஸம்மா "மூளைக்கு நல்லது, சேர்த்துக் கொடு" என்றார். இரண்டு மாதமாக வாங்கிக் கொடுக்கிறேன், இப்போது பால் குறைந்துவிட்டது. (வேலூர்)

உங்கள் தவறு எதுவும் இல்லை. பிரசவ அலுப்பில் படுத்திருக்கும் பெண்ணிடம் வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் சொன்னால் யார்தான் கேட்க மாட்டார்கள்? அந்தப் பையே சட்டவிரோதம். தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பொருள்களைக் கட்டுப்படுத்தும் 1992ஆம் வருடச் சட்டமும் 2003இல் வந்த திருத்தமும் இரண்டு வயது வரைக்குமான பால் பவுடருக்கு விளம்பரம், இலவச மாதிரி, தள்ளுபடிக் கூப்பன் எதுவும் கூடாது என்கின்றன. மருத்துவமனையை விற்பனைக் களமாக்கவும் கூடாது. மூன்று ஆண்டு வரை சிறை என்று எழுதியிருக்கிறது, அபராதம்தான் இன்னும் அதிகபட்சம் ஐயாயிரம் ரூபாய், அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. கூப்பனையும் டப்பாவையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். மாவட்ட சுகாதார அதிகாரிக்கு எழுதுங்கள், பிபிஎன்ஐ என்ற தாய்ப்பால் ஆதரவு அமைப்புக்கும் ஒரு பிரதி.

டிஹெச்ஏ சேர்த்த பவுடர் என்பது அதிசயம் ஒன்றும் இல்லை, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 முதல் சிசுப் பவுடரில் அது கட்டாயம். மாதம் நிறைந்து பிறந்த குழந்தைகளுக்கு அதனால் அறிவு கூடியதாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் தெளிவாக எதையும் காணவில்லை. பால் மறுபடி கூட வழி உண்டு. தாய்ப்பால் ஆலோசகரையோ குழந்தை மருத்துவரையோ பாருங்கள். பவுடரை ஒரே நாளில் நிறுத்தாமல் அவர்கள் சொல்கிறபடி குறையுங்கள்.

ஆன்லைனில் வாங்கிய மாத்திரையில் காலாவதி தேதிக்கு மேல் ஸ்டிக்கர். உரித்தால் போன வருடத் தேதி. "திறந்த பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை" என்கிறார்கள். (சேலம்)

விடாதீர்கள். அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. நகரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்யுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் தனியாகப் புகார் கொடுங்கள். உரித்த ஸ்டிக்கரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இன்ஸ்டாகிராமில் ஒரு அக்கா விற்ற மாத்திரை, ஆறு மாத ஸ்டாக் வாங்கிவிட்டேன். பில் இல்லை, உரிம எண் இல்லை. நாற்றமடிக்கிறது. சாப்பிடலாமா? (கோவை)

நாற்றமடிக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டு என்னைக் கேட்கிறீர்கள். கூடாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொடுக்கும் 14 இலக்க உரிம எண் இல்லாத பொருளை வயிற்றில் பிள்ளையோடு எப்படி வாங்கினீர்கள்? பணம் போட்ட யுபிஐ பதிவும் அரட்டையும் இருந்தால் அவற்றைக் காட்டி 1915இல் கேட்டுப் பாருங்கள்.

ஒமேகா-3 முட்டை வாங்கலாமா? (சென்னை)

ஒரு முட்டைக்கு டிஹெச்ஏ எத்தனை மி.கி. என்று அட்டையில் போட்டிருந்தால் கணக்குப் பார்த்து வாங்குங்கள். போடாவிட்டால் அது வெறும் முட்டை, விலைதான் ஒமேகா.