யாருக்காகப் பேசுகிறீர்கள்?

கேள்வி: அயல்நாட்டு அரசுகள் அமெரிக்காவில் பணம் கொடுத்து ஆள் அமர்த்தி, தமக்குச் சாதகமாக லாபி (ஆட்சியாளர்களிடம் ஆதரவு திரட்டும் வேலை) செய்கின்றனவே, அதைத் தடுக்கச் சட்டம் கிடையாதா? (வாசகர் ஒருவர், தஞ்சாவூர்)

பதில்: தடை கிடையாது, ஆனால் அதை மறைத்துச் செய்வது குற்றம். நீதிமன்றத்தில் யாருக்காக வாதாடுகிறோம் என்பதை வழக்கறிஞர் வக்காலத்து தாக்கல் செய்து தெரிவிப்பது போல, அயல்நாட்டு அரசுக்காகவோ கட்சிக்காகவோ அரசியல் பணி செய்ய ஒப்புக்கொண்டவர் பத்து நாட்களுக்குள் அமெரிக்க அரசின் நீதித் துறையில் (நீதி அமைச்சகத்தில்) பதிவு செய்துகொண்டு, ஒப்பந்தத்தின் நகலையும் வாங்கிய தொகையையும் செலவழித்த விதத்தையும் அங்கே தெரிவிக்க வேண்டும். நாஜி ஜெர்மனிக்கு ஆதரவாக அமெரிக்காவுக்குள் நடந்த மறைமுகப் பிரசாரத்தை நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரித்ததன் விளைவாக, 1938இல் பிறந்தது இந்த அயல்நாட்டு முகவர் பதிவுச் சட்டம். மீறினால் ஐந்தாண்டு வரை சிறை. தாக்கலாகும் ஆவணங்களை இணையத்தில் எவரும் படிக்கலாம்.

ஏட்டில் இவ்வளவு கடுமையாக உள்ள சட்டத்தின் கீழ், 1966 முதல் 2015 வரை தொடரப்பட்ட குற்ற வழக்குகள் ஏழே ஏழு என்பது வருந்தத்தக்கது. 2017க்குப் பிறகே நீதித் துறை விழித்துக்கொண்டது.

அப்போது சிக்கியவர்களில் ஒருவரின் வழக்கு நமக்கு மிக நெருக்கமானது. தமிழர்கள் ஒடுக்கப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டுகளால் அமெரிக்காவில் கெட்டுப்போன பெயரைச் சீராக்க, 2014இல் இலங்கை அரசு இமாத் சுபேரி என்ற கலிபோர்னியத் தொழிலதிபரை அமர்த்தி 65 லட்சம் டாலர் அனுப்பியது. அதில் 56 லட்சத்துக்கும் மேற்பட்ட தொகையைத் தமக்கும் தம் மனைவிக்குமாக அவர் பயன்படுத்திக்கொண்டார் என்றும், முகவராகச் செயல்பட்டதை மறைக்கப் பொய் ஆவணம் தாக்கல் செய்தார் என்றும் அமெரிக்க அரசுத் தரப்பு கூறியது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வரி ஏய்ப்பு, சட்டவிரோதத் தேர்தல் நன்கொடை ஆகிய குற்றங்களையும் சேர்த்து 2021இல் 12 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. போரில் உறவுகளை இழந்தவர்கள் நீதி கேட்டு நிற்கையில், அவர்களுக்கு எதிர்த்தரப்பில் பேசுபவர் யாரிடம் எவ்வளவு வாங்கினார் என்பதை அறியும் உரிமை அவர்களுக்கு நிச்சயம் உண்டு.

சட்டத்தில் பெரிய ஓட்டை ஒன்றும் இருக்கிறது. அயல்நாட்டுத் தனியார் நிறுவனங்களுக்காக லாபி செய்பவர்கள், 1995ஆம் ஆண்டின் லாபி வெளிப்படுத்தல் சட்டத்தின்கீழ் பதிவு செய்தாலே போதும். அது கேட்கும் விவரங்களோ மிகக் குறைவு. நிறுவனத்தின் பின்னால் அரசே நிற்கும் நாடுகளுக்கு இது வசதியான வழி என்பதால், இந்த விலக்கை நீக்குவதே முறை என்பது என் கருத்து.