புது பட்டர் வாங்கலாமா? கேள்விகளும் பதில்களும்

கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டையான பட்டர் (putter) வாங்குவது பற்றிக் கேளுங்கள் என்று போன வாரம் சொன்னதும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன். (தமிழில் எழுதினால் இது வெண்ணெயாகவும் தெரியும், கோயில் பட்டராகவும் தெரியும். வேறு வழியில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நான் கோச் கிடையாது. இருபத்திரண்டு வருடமாக ஆடுகிறேன், ஹேண்டிகேப் 11 (இந்த எண் குறையக் குறைய ஆட்டம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்). நண்பர்களுடைய கிளப்புகளுக்கு (மட்டைகளுக்கு) கிரிப் என்ற கைப்பிடியை மாற்றுவது, ஷாஃப்ட் என்ற தண்டை வெட்டுவது எல்லாம் வீட்டு மொட்டைமாடியில் நடக்கும். இடம், வலம் என்று சொல்வதெல்லாம் வலது கைக்காரர்களுக்கு. இடது கைக்காரர்கள் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

எட்டு வருடமாக ஒரே பிளேடு (மெல்லிய தலை) பட்டர் சார். ரவுண்டுக்கு 36, 37 பட் போகிறது. மாலட்டுக்கு (பெரிய தலை) மாறினால் குறையுமா? (கோவை நண்பர்)

பட் என்றால் பட்டரால் ஒரு தடவை தட்டுவது. ஒரு ரவுண்டுக்கு 18 ஹோல் (குழி), எனவே 36 என்றால் ஹோலுக்கு இரண்டு. அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் சொல்ல முடியாது சார். அடுத்த மூன்று ரவுண்டுக்கு ஸ்கோர் கார்டு ஓரத்தில் இதை எழுதுங்கள்: முதல் பட் எத்தனை அடி, தவறியது இடமா வலமா, குட்டையாக நின்றதா தாண்டிப் போனதா. நாற்பது அடியிலிருந்து மூன்று பட் போடுகிறவருக்குப் புது பட்டர் பெரிதாக உதவாது. அது தூரக் கணக்கு, பயிற்சியில்தான் வரும். ஆறிலிருந்து பத்தடிக்குள் ஒரே பக்கமாகத் தவறுகிறதா? அப்படியானால் பட்டரைச் சந்தேகப்படலாம்.

காரணம் இதுதான். பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அடிபடும் நொடியில் ஃபேஸ் (பந்தைத் தொடும் முகப்பு) பார்க்கும் திசை. கை போகிற பாதைக்குப் பங்கு கொஞ்சம்தான். பத்தடி தூரத்தில் பந்து ஒரே ஒரு டிகிரி பிசகிக் கிளம்பினால், குழிக்கு வந்து சேரும்போது 53 மில்லிமீட்டர் விலகியிருக்கும். குழியின் அகலம் 108, அதில் பாதி 54. அதாவது ஒரு டிகிரியில் விளிம்பில் ஊசலாடும், ஒன்றரை டிகிரியில் கதை முடிந்தது. பிஜிஏ டூர் என்ற தொழில்முறைப் போட்டிகளில் ஆடுகிறவர்களே எட்டடியில் பாதிக்குப் பாதிதான் போடுகிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். எட்டடியில் தவறவிட்டதற்கெல்லாம் பட்டரைத் திட்ட வேண்டாம்.

மாலட்டில் எடை ஓரங்களுக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கும். அதனால் நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும் தலை அவ்வளவாக முறுகாது. உங்களுக்கு அது தேவையா என்று பார்க்க ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஃபேஸில் முகப் பவுடரை லேசாகத் தடவிவிட்டுப் பத்து பந்து அடியுங்கள். தடங்கள் எல்லாம் எட்டணா அளவுக்குள் இருந்தால் பிளேடிலேயே இருங்கள். ஹீலிலிருந்து (தலையின் தண்டுப் பக்க ஓரம்) டோ (அதற்கு எதிர் ஓரம்) வரை சிதறிக் கிடந்தால் மாலட் உங்களுக்கு நிஜமாகவே சில பட்களை மிச்சப்படுத்தும்.

அமெரிக்க ஆட்டக்காரர் ஸ்காட்டி ஷெஃப்லர் கதை எல்லோருக்கும் தெரியும். 2024 மார்ச்சில் டெய்லர்மேட் ஸ்பைடர் மாலட்டுக்கு மாறிய முதல் வாரமே ஜெயித்தார், அடுத்த மாதம் மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டியையும் ஜெயித்தார். ஆனால் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே பில் கென்யன் என்ற பட்டிங் கோச்சிடம் சேர்ந்திருந்தார். விளம்பரத்தில் அந்தப் பாதி வராது.

என் உயரம் 5 அடி 5. கடையில் எதைக் கேட்டாலும் 34, 35 இன்ச்தான் எடுத்துத் தருகிறார்கள். சரியான நீளம் எப்படிக் கண்டுபிடிப்பது அண்ணா? (சென்னைத் தம்பி)

தம்பி, இந்தக் கேள்விக்கு நான் பணம் கொடுத்துப் பதில் கற்றேன். நானும் உன் உயரம்தான். பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு கடையில் 35 இன்ச் பட்டரை "எல்லாருக்கும் இதுதான் சார்" என்று தலையில் கட்டிவிட்டார்கள். பளபளவென்று இருந்தது, வாங்கிவிட்டேன். அது நீளம் என்பதால் பந்தைத் தள்ளி வைத்து நின்றேன், கண் பந்துக்கு நேர் மேலே இல்லாமல் ரொம்ப உள்ளே, கால் பக்கமாகப் போய்விட்டது. நேராகக் குறி வைப்பதாக நினைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் குழிக்கு ஒரு பக்கமாகவே வைத்திருக்கிறேன். ஒன்றரை வருடம். கடைசியில் மட்டைப் பையைத் தூக்கி வரும் உதவியாளர் (கேடி, caddie) ஒருவர்தான் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "சார், நீங்க கொடியவே பாக்கலையே" என்றார்.

இப்படிச் செய். கையில் இருக்கும் பட்டரோடு உனக்கு வசதியாகக் குனிந்து நில். கை தோளிலிருந்து தானாகத் தொங்க வேண்டும். இன்னொரு பந்தை மூக்கின் மேல்பகுதியில், இரண்டு கண்ணுக்கும் நடுவே பிடித்துக் கீழே விடு. தரையில் இருக்கும் பந்தின் மேலேயோ, அதற்கு ஓரிரண்டு அங்குலம் உன் பக்கமாகவோ விழுந்தால் சரி. அதைவிட உள்ளே விழுந்தால், கிரிப்பில் கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கி, பந்துக்குக் கிட்டே வந்து திரும்பப் பார். சரியாக விழும்போது கைக்கு மேலே எவ்வளவு கிரிப் நீட்டிக்கொண்டிருக்கிறதோ, பட்டர் ஏறக்குறைய அவ்வளவு நீளம் அதிகம். உன் உயரத்துக்கு 33 பக்கம் வந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

வெட்டிக்கொள்ளலாம். ஆனால் ஒரு இன்ச் வெட்டினால் தலை லேசாகிவிட்ட மாதிரி கைக்குத் தெரியும். பத்துப் பன்னிரண்டு கிராம் ஈயப் பட்டியைத் தலைக்கு அடியில் ஒட்டினால் பழைய கனம் வந்துவிடும்.

லை ஆங்கிள் (தண்டு தரையோடு சாய்ந்து நிற்கும் கோணம்) சரியில்லாவிட்டால் பந்து திசை மாறும் என்கிறார்களே?

அயர்னில் (பந்தைத் தூக்கி அடிக்கும் மட்டை) மாறும். பட்டரில் லாஃப்ட் (ஃபேஸ் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) மூன்று நான்கு டிகிரிதான், அதனால் லை இரண்டு மூன்று டிகிரி பிசகினாலும் திசையில் வரும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் டோ தூக்கிக்கொண்டு நிற்கும் பட்டரை வைத்துக் குறி பார்ப்பது கஷ்டம், பந்தும் ஹீல் பக்கம் படும். எனவே முதலில் நீளத்தைச் சரி செய்யுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே போய்விடும்.

டோ ஹேங், ஃபேஸ் பேலன்ஸ்டு என்கிறார்கள். என் பட்டர் எது என்று எப்படித் தெரியும்? இப்போது ஜீரோ டார்க் (zero torque) என்று வேறு ஒன்று வந்திருக்கிறதாமே? (சிங்கப்பூரிலிருந்து இருவர்)

ஷாஃப்டைக் கிடைமட்டமாக ஒரு விரல்மேல் வைத்துத் தராசு மாதிரி நிறுத்துங்கள். ஃபேஸ் வானத்தைப் பார்த்தால் ஃபேஸ் பேலன்ஸ்டு. டோ கீழே தொங்கினால் டோ ஹேங். நேராகத் தரையைப் பார்த்துத் தொங்குவதும் உண்டு, நாலரை மணி முள் மாதிரி சாய்ந்து தொங்குவதும் உண்டு.

வளைந்து போய் வரும் ஸ்ட்ரோக்குக்கு (பட்டரை ஆட்டும் வீச்சு) டோ ஹேங், நேராகப் போய் வருவதற்கு ஃபேஸ் பேலன்ஸ்டு என்பது கடைக்காரர்களின் பழைய வாய்ப்பாடு. தப்பில்லை, ஆனால் வேதமும் இல்லை. நான் ஸ்ட்ரோக்கைப் பார்ப்பதைவிடத் தவறைப் பார்ப்பேன். டோ ஹேங் பட்டரில் எப்போதும் வலப்பக்கமே தவறுகிறவருக்கு ஃபேஸ் மூடி வரவில்லை என்று அர்த்தம், தொங்கல் குறைந்ததைக் கொடுத்துப் பார்ப்பேன். ஃபேஸ் பேலன்ஸ்டில் இடப்பக்கம் இழுக்கிறவருக்கு நேர்மாறு.

ஜீரோ டார்க் என்றால் ஸ்ட்ரோக்கின்போது ஃபேஸ் தானாகத் திறக்கவோ மூடவோ பார்க்காதபடி எடையை அமைத்திருப்பது. லேப் கோல்ஃப் (L.A.B. Golf) என்ற நிறுவனம்தான் இதைப் பிரபலமாக்கியது. 2025 யு.எஸ். ஓப்பன் போட்டியில், ஓக்மாண்ட் மைதானத்தின் கடைசி ஹோலில் ஜே.ஜே. ஸ்பான் 64 அடியிலிருந்து உருட்டி முடித்தாரே, அவர் கையில் இருந்தது இந்த வகைதான். கையில் பிடித்தால் முதலில் உயிரில்லாத மாதிரி இருக்கும். தலையின் அசைவைக் கையால் உணர்ந்து ஆடிப் பழகியவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஒரு நாள் கடன் வாங்கி ஆடிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

ஃபேஸில் இன்சர்ட் (வேறு பொருளில் பதித்த தகடு) வைத்ததா, முழு இரும்பா?

காதுக்குப் பிடித்தது. சத்தத்தை வைத்துத்தான் நாம் தூரத்தை எடைபோடுகிறோம். நீங்கள் வழக்கமாக ஆடும் பந்தையே கடைக்கு எடுத்துப் போங்கள். கடையில் கிடக்கும் பந்தோடு தட்டிப் பார்த்துவிட்டு வாங்கினால் மைதானத்தில் வேறு சத்தம் கேட்கும்.

வயது 63. மூன்றடி பட்டில் கை உதறுகிறது. நெஞ்சில் முட்டுக்கொடுத்து ஆடும் நீள பட்டர் தடை என்கிறார்கள். வேறு வழி உண்டா? (ஊட்டிப் பக்கம், ஓய்வு பெற்றவர்)

ஐயா, தடை பட்டருக்கு இல்லை, முட்டுக்கொடுப்பதற்குத்தான். 2011இல் கீகன் பிராட்லி வயிற்றில் ஊன்றும் பட்டரோடு பிஜிஏ சாம்பியன்ஷிப்பை ஜெயித்தார். 2013இல் ஆடம் ஸ்காட் நீள பட்டரோடு மாஸ்டர்ஸை ஜெயித்தார். அந்தச் சலசலப்பில்தான் 2016 ஜனவரி 1 முதல் கிளப்பையோ, அதைப் பிடித்த கையையோ உடம்போடு அழுத்தி அச்சாக வைத்து ஆடக்கூடாது என்று விதி வந்தது. நீள பட்டரை இன்றும் வைத்திருக்கலாம், மேல் கை மார்பிலிருந்து விலகியிருந்தால் போதும். லூகாஸ் குளோவர் உங்களுக்கு இருக்கும் இதே உதறலோடு பல வருடம் தவித்தவர். 2023இல் நீள பட்டருக்கு மாறி, ஆகஸ்டில் அடுத்தடுத்த வாரம் இரண்டு பட்டம் வாங்கினார்.

கொஞ்சம் நீளமான பட்டரின் கிரிப்பை இடது முன்கையோடு ஒட்டிப் பிடிக்கும் முறையும் விதிக்குட்பட்டதே. மேட் கூச்சர் அப்படித்தான் ஆடுகிறார். ஆனால் அதற்கென்றே லாஃப்ட் கூடுதலாக உள்ள பட்டர் வேண்டும். ஷாஃப்ட் முன்னால் சாய்ந்து நிற்பதால் சாதாரண பட்டரில் பந்து தரையில் குத்துப்படும். செலவில்லாத வழியை முதலில் பாருங்கள்: வலது கையைப் பென்சில் பிடிப்பது போல மாற்றிப் பிடியுங்கள். உதறுவது பெரும்பாலும் அந்தக் கைதான்.

எங்கள் கிரீன் (குழியைச் சுற்றியுள்ள புல்தரை) மெதுவானது, பெர்முடா புல். டூர் ஆட்டக்காரர்கள் வைத்திருப்பது எனக்குச் சரிப்படுமா?

அவர்கள் ஆடுவது கண்ணாடி மாதிரி வழவழப்பான கிரீனில். மெதுவான புல்லில் பந்து சின்னப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அதைத் தூக்கிவிட மூன்று, நான்கு டிகிரி லாஃப்ட் வேண்டும். அதற்குக் குறைந்த லாஃப்ட் உள்ளதை ஆசைப்பட்டு வாங்காதீர்கள், பந்து துள்ளிக்கொண்டு கிளம்பும். தலை சற்றுக் கனமாக இருந்தால் நல்லது.

தடிமனான கிரிப் உண்மையிலேயே உதவுமா?

மணிக்கட்டு அதிகம் ஆடுகிறவர்களுக்கு உதவும். பட்டர் விலையில் ஒரு சிறு பகுதிதான் ஆகும் என்பதால் முதலில் இதை மாற்றிப் பாருங்கள். நீள பட்களில் உணர்வு மங்குவதாகச் சிலர் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான்.

பிரபல பிராண்டு பட்டர் இணையத்தில் பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

புதிது, பாதி விலை, பெரிய பிராண்டு என்ற மூன்றும் ஒன்றாக வந்தால் போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பழையது வாங்குவதில் தவறே இல்லை. தூர அடிக்கு எடுக்கும் டிரைவர் மட்டை போல பட்டர் வயதாகிச் சாகாது. டைகர் வுட்ஸ் தன் 15 மேஜர் (மிகப் பெரிய போட்டி) பட்டங்களில் 14ஐ ஒரே பட்டரில்தான் ஜெயித்தார். கார்ஸ்டன் சோல்ஹைம் 1966இல் ஒரு கிராமஃபோன் தட்டின் உறையில் வரைந்த, பிங் நிறுவனத்தின் ஆன்சர் பட்டரின் வடிவத்தைத்தான் இன்றும் பாதி உலகம் நகலெடுக்கிறது. நல்ல நிலையில் ஒரு பழைய ஆன்சர் கிடைத்தால், நீளம் மட்டும் பார்த்துவிட்டு, யோசிக்காமல் எடுங்கள்.

புதிது வாங்கியபின் பழையதை என்ன செய்வது?

ஒரு வருடமாவது விற்காதீர்கள். நான் 35 இன்ச்சோடு போராடிக் களைத்து, அதற்கு முன்பிருந்த பழைய பட்டரைத் தேடினேன். எப்போதோ ஒரு நண்பருக்கு விற்றிருந்தேன். திருப்பிக் கேட்டேன், தர மறுத்துவிட்டார். இன்றும் அதைத்தான் வைத்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை பதினேழாவது ஹோலில் அதே பட்டரால் பன்னிரண்டு அடியை உருட்டிப் போட்டுவிட்டு, காபிக்கு என்னிடம்தான் காசு வாங்கினார்.