கேள்வி – பதில்: கெவினின் அப்பா பார்த்த நட்சத்திரங்கள்

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. பள்ளியிலிருந்து வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான். அப்பாவுடன் அவன் பேசுவது நாளைக்கு நாலு வார்த்தைதான். சென்ற இதழில் நீங்கள் குறிப்பிட்ட ‘தி வொண்டர் இயர்ஸ்’ என்ற அமெரிக்கத் தொடரை அவனுடன் உட்கார்ந்து பார்க்கலாமா? – வாசகி, திண்டுக்கல்.

பதில்: தாராளமாகப் பார்க்கலாம். முடிந்தால் அவன் அப்பாவையும் கூட உட்கார வையுங்கள். வளரும் பையனின் கதை என்று பெயர்பெற்ற இத்தொடரில் என்னை ஆழமாகத் தொட்டவையெல்லாம், அந்தப் பையன் தன்னைச் சுற்றியுள்ள பெரியவர்களை முதன்முறையாக மனிதர்களாகப் பார்க்கும் இடங்கள்தான். 1988 ஜனவரி 31 முதல் 1993 மே வரை ஏ.பி.சி. தொலைக்காட்சியில் ஆறு சீசன்கள், 115 எபிசோடுகள் ஒளிபரப்பாயின. கதையோ ஒளிபரப்புக்கு இருபது ஆண்டுகள் முந்தையது. 1968இல் பன்னிரண்டு வயதில் புதிய பள்ளிக்குள் நுழையும் கெவின் ஆர்னால்டு, 1973இல் வீட்டைவிட்டு வெளியேறத் துடிக்கும் இளைஞனாகிறான்.

உங்கள் வீட்டுக்கு நான் முதலில் சொல்லும் எபிசோடு, கெவின் தன் அப்பாவின் அலுவலகத்துக்குப் போகும் கதை. அப்பா ஜாக், நார்காம் என்ற நிறுவனத்தில் மேலாளர். மாலையில் கடுகடுத்த முகத்துடன் வீடு திரும்புவார். மனம் மிகவும் கசந்துபோன நாட்களில் கொல்லைப்புறத்தில் தனியாக நின்று தொலைநோக்கி வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இவர் அப்படி என்னதான் வேலை பார்க்கிறார் என்று அறியும் ஆவலில் கெவின் ஒருநாள் அவருடன் கிளம்புகிறான். இளம் வயதில் பெரிய கப்பலொன்றின் கேப்டனாகி, நட்சத்திரங்களைக் கொண்டு திசை கண்டு கடலில் போகத் தாம் ஆசைப்பட்டதை அப்பா அங்கே அவனிடம் சொல்கிறார். பிறகு அவருடைய மேலதிகாரி, மகன் நிற்கிறான் என்றும் பாராமல் அவரைக் கடிந்து கொட்டுகிறார். வீட்டில் எல்லாரும் யாருடைய குரலுக்கு அஞ்சுகிறார்களோ, அவரே இன்னொருவரிடம் திட்டு வாங்கிக்கொண்டு நிற்பதைக் கெவின் பார்க்கிறான். அன்றிரவு தொலைநோக்கிக்குப் பக்கத்தில் அப்பாவும் மகனும் சேர்ந்து நிற்கும்போது, இத்தனை நாள் அவர் வானத்தில் எதைத் தேடிக்கொண்டிருந்தார் என்பது அவனுக்கும் நமக்கும் ஒருசேரப் புரிகிறது. பார்த்து முடித்ததும் மகனிடம் எதையும் விளக்க முற்படாதீர்கள். அவன் அப்பாவுக்குத் தம் வேலையைப் பற்றி ஏதேனும் சொல்லத் தோன்றினால், அவரே சொல்லட்டும்.

கேள்வி: இது நகைச்சுவைத் தொடர் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்களோ சென்ற இதழில் இதைக் கனமான நாடகம் என்றீர்களே? – வாசகர், சேலம்.

பதில்: அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களுக்கான எம்மி விருதில் இது நகைச்சுவைப் பிரிவில்தான் இடம்பெற்றது, ஆறே எபிசோடுகள் வந்திருந்த நிலையில், 1988இல் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான விருதையும் பெற்றது. சிரிப்பதற்கும் நிறையவே இருக்கிறது. ஆனால் பின்னணியில் பதிவுசெய்த சிரிப்பொலி கிடையாது. தொடரை உருவாக்கிய நீல் மார்லென்ஸ், கேரல் பிளாக் தம்பதியர் முதல் எபிசோடிலேயே தங்கள் நோக்கத்தைத் தெளிவாக்கிவிட்டார்கள். பள்ளியின் முதல் நாளிலேயே வம்பில் மாட்டிக்கொண்ட கெவினை அப்பாவும் அம்மாவும் காரில் அழைத்து வருகிறார்கள். இன்று அடி நிச்சயம் என்று அவன் ஒடுங்கிப்போயிருக்கிறான். வீட்டை அடைந்ததும், அண்டை வீட்டு இளைஞன் பிரையன் வியட்நாம் போரில் இறந்துவிட்டான் என்ற செய்தி காத்திருக்கிறது. அந்தச் செய்திக்குப் பிறகு அப்பாவின் கோபத்துக்கு அங்கே இடமே இல்லாமல் போகிறது. பிரையனின் தங்கை வின்னி தோப்பில் தனியாக உட்கார்ந்திருக்க, கெவின் தன் பச்சை ஜாக்கெட்டைக் கழற்றி அவள் தோள்மீது போர்த்துகிறான். ஒரே மாலையில் முதல் மரணமும் முதல் முத்தமும் அவனுக்கு வாய்த்துவிடுகின்றன. இதை நாடகம் என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது?

கேள்வி: நான் கணித ஆசிரியர். இத்தொடரில் ஒரு கணித ஆசிரியர் வருகிறாராமே? – வாசகர், திருநெல்வேலி.

பதில்: காலின்ஸ் என்பது அவர் பெயர். ஸ்டீவன் கில்போர்ன் நடித்திருக்கிறார். சிரிக்காதவர், அதிகம் பேசாதவர். சுமாராக மதிப்பெண் வாங்கும் கெவினுக்குப் பள்ளி நேரம் முடிந்த பிறகு தனியாகச் சொல்லிக்கொடுக்கிறார். முக்கியமான தேர்வு நெருங்கும் வேளையில், இனிமேல் தம்மால் வர இயலாது என்கிறார், காரணம் சொல்வதில்லை. நண்பர் என்று நம்பியவர் கைவிட்டுவிட்டார் என்ற கோபத்தில் கெவின் விடைத்தாளில் வேண்டுமென்றே கிறுக்கி வைக்கிறான். மனம் உறுத்தி மன்னிப்புக் கேட்கலாம் என்று வந்து பார்த்தால், ஆசிரியர் காலமாகிவிட்டார். அவர் இறப்பதற்கு முன், கெவின் மீண்டும் எழுதுவதற்காகப் புதிய வினாத்தாள் ஒன்றை எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவன் அதை எழுதி முடித்து, இதைத் திருத்த வேண்டியதில்லை என்று சொல்லி விடைத்தாளை நீட்டும் காட்சியை நான் பலமுறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் கண் கலங்குகிறது. 1990இல் இந்த எபிசோடின் எழுத்துக்குப் பாப் பிரஷ், இயக்கத்துக்கு மைக்கேல் டின்னர் ஆகிய இருவரும் எம்மி விருது பெற்றார்கள். உங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பையனை நினைத்துக்கொண்டு இதைப் பாருங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.

கேள்வி: வின்னியாக நடித்தவர் உண்மையிலேயே கணிதம் படித்தவரா? – வாசகி, மதுரை.

பதில்: ஆம். டானிகா மெக்கெல்லர், லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்றவர். ஒரு தேற்றத்தின் பெயரில் அவர் பெயரும் இடம்பெற்றிருக்கிறது.

கேள்வி: தொடர் முழுக்க ஒலிக்கும் அந்தப் பின்னணிக் குரல் தேவைதானா? கெவினும் வின்னியும் கடைசியில் சேர்கிறார்களா? – வாசகர், கோயம்புத்தூர்.

பதில்: முடிவை அறிய விரும்பாதவர்கள் இந்தப் பதிலைத் தவிர்த்துவிடலாம். சிறுவன் கெவினாக நடித்தவர் ஃபிரெட் சாவேஜ். வளர்ந்த கெவினின் குரல் டேனியல் ஸ்டெர்னுடையது. அந்தக் குரல் தேவையா என்றால், அதுதான் தொடருக்கு உயிர் என்பேன். பன்னிரண்டு வயதில் அப்பாமீது கோபம் மட்டும்தான் இருக்கும். அவர் அன்று எவ்வளவு களைத்திருந்தார் என்பதைச் சொல்ல, இருபது ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்க்கும் ஒருவர் வேண்டியிருக்கிறது. இறுதி எபிசோடில் அதே குரல், அப்பா 1975இல் இறந்துவிட்டதையும், கெவினும் வின்னியும் திருமணம் செய்துகொள்ளவில்லை என்பதையும், படிக்கப் பாரிஸ் போய்த் திரும்பிய வின்னியை அவன் தன் மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் போய் வரவேற்றதையும் நிதானமாகச் சொல்கிறது. அது பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு சிறுவனின் குரல் குறுக்கிட்டு, பந்து விளையாட வருகிறீர்களா அப்பா என்று கேட்கிறது. இதோ வருகிறேன் என்கிறார் கெவின்.